கரையோடு சேர்த்து ஏழு மில்லி

கட்பீஸ்காரர் தம் அறுபத்து மூன்று வயதுவரை எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, "ரெண்டாப் பிடுங்கினா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டவர். ஆடிக்கொண்டிருந்தது ஒரு பல்தான்.

துண்டுத்துணி மூட்டையோடு தெருத்தெருவாய்த் தொடங்கி, மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்து, அதையும் மருமகனிடம் ஒப்படைத்தாயிற்று. பெயர் மட்டும் மூட்டைக் காலத்திலேயே நின்றுவிட்டது. அதில் அவருக்கு வருத்தமில்லை. முதலீடு இல்லாமல் கிடைத்த விளம்பரம்.

அவர் மனைவி வேறு ரகம். முப்பத்தாறு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸ். ஊருக்கே அவர் சிஸ்டர். டாக்டர் கை நீட்டும் முன்பே சரியான கத்தரியைக் கொடுப்பவர், தையல் போடும் முன் பஞ்சைக்கூட எண்ணுபவர். ஓய்வு பெற்ற மறுவாரம், பதினோரு வயதான மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மகள் வாயடைத்துப்போனாள். "ரெண்டே சீட்டு! பேரப்பிள்ளைங்க எங்கம்மா உக்காரும்?"

"அவங்க வீட்ல" என்றார் சிஸ்டர்.

ஊருக்கு வெளியே ஒரு மலைப்பாதை. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், மற்ற போக்குவரத்தை நிறுத்திவிட்டு, அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒவ்வொரு காராக ஏறவிட்டு நேரம் குறிப்பார்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. அதற்காக சிஸ்டர் எட்டு மாதமாக ஞாயிறுதோறும் விடியற்காலையில் எழுந்து ஓட்டிப் பழகினார். பதினான்கு வளைவுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சில நாள் தூக்கத்திலேயே சொன்னார். பக்கத்தில் படுத்திருந்தவர் கட்பீஸ்காரர்தானே, அவருக்குத் தெரியும். ஒன்பதாவது வளைவில் வயிற்றில் ஒரு உதை விழும். அங்கேதான் பிரேக்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு சிஸ்டர் சொன்னார்: "என்னங்க, முன்சக்கரத்து பிரேக் பேட் எவ்வளவு கனம் இருக்குன்னு அளந்து சொல்லுங்க. அளக்கிறதுல உங்களை மிஞ்ச ஆள் ஏது?"

இப்படி ஒரு பாராட்டு அந்த வீட்டில் அவருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வாசலில் மண்டியிட்டு, சக்கரத்துக் கம்பிகளின் இடுக்கில் ஒற்றைக் கண்ணால் பார்த்து, ஸ்கேலைச் செருகி, "ஏழு மில்லி. இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று தீர்ப்புச் சொன்னார். சிஸ்டர் அதை நம்பினார்.

*

போட்டி நாள் காலை ஒன்பதரை மணி. அடிவார மைதானத்தில் தகரக் கொட்டகைக்குள் வண்டிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. சோதனை செய்பவருக்கு 'மில்லி' என்று பட்டப்பெயர். ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுத் தராதவர். ஆளும் ஒல்லிதான். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் டார்ச்சும் அளவுகோலும்.

மஞ்சள் காரின் முன்சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர் நிமிர்ந்தார். "சிஸ்டர், இந்த வண்டியை மலையில ஏத்த விட மாட்டேன்."

"ஏன் சார்?"

"பேட் தேஞ்சுபோச்சு. நாலு மில்லி இருக்கணும். ரெண்டுதான் இருக்கு."

கட்பீஸ்காரர் முன்னால் வந்தார். "ஏழு சார்! என் கையால அளந்தேன். நாப்பது வருஷம் அளந்த கை."

"எதை அளந்தீங்க?"

"பேடைத்தான்."

மில்லி அவரைத் தோளைப் பிடித்துக் குனிய வைத்தார். "நல்லாப் பாருங்க. இது இரும்புத் தகடு. பேடைத் தாங்கறதுக்கு இருக்கு. இது வண்டியை நிறுத்தாது. தகட்டு மேல ஒட்டியிருக்கு பாருங்க கறுப்பா, அதுதான் சக்கரத்தோட சுத்தற டிஸ்க்கைக் கவ்விப் பிடிச்சு நிறுத்துது. தகடு அஞ்சு, கறுப்பு ரெண்டு. கூட்டினா ஏழு. கணக்குல நீங்க கெட்டி. அளந்ததுதான் தப்பு."

சிஸ்டர் கணவரைப் பார்த்தார். "தகடையும் சேர்த்தா அளந்தீங்க?"

"பன்னான்னா கரையோட சேர்த்துத்தானே..." என்று பாதி சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பன்னா என்றால் துணியின் அகலம். துணியின் இரு ஓரத்திலும் கெட்டியாக ஓடும் கரையைத் தையல்காரர் மடித்து உள்ளே தள்ளிவிடுவார், அது உடுத்த உதவாது. ஆனால் கடைக்காரர் அளக்கும்போது கரையையும் சேர்த்துத்தான் அளப்பார். கட்பீஸ்காரரின் தெருவில் இருந்த முப்பது கடையிலும் அதுதான் வழக்கம். கரையை விட்டு அளக்கிறவனுக்கு அங்கே பிழைக்கத் தெரியாதவன் என்று பெயர். அந்தக் கைக்குக் கரையை விட்டு அளக்கவே தெரியாது.

சுதாரித்துக்கொண்டு கட்பீஸ்காரர் தமக்குத் தெரிந்த ஒரே வித்தையில் இறங்கினார். "சார், நீங்க நாலு கேக்கறீங்க, எங்ககிட்ட ரெண்டு இருக்கு. ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல மூணுன்னு ஒண்ணு இருக்கே."

"இருக்கு. உங்க வண்டியில இல்ல."

"முதல் தடவை ஓட்டறாங்க. வயசானவங்க."

"யாரு வயசானவங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அது மில்லியின் குரல் இல்லை. கட்பீஸ்காரர் அந்த வாதத்தை அப்படியே கைவிட்டார்.

மில்லி கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொரு மணி வரைக்கும் உக்காந்திருப்பேன். புதுப் பேட் மாத்திக் கொண்டுவாங்க, பாக்கறேன். அதுக்கப்புறம் மேஜையை மடிச்சிடுவேன்."

"பதினொண்ணேகால்?"

"பத்தே முக்கால்."

"சரி சரி, பதினொண்ணு!"

சிஸ்டர் காரை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். காரின் கூரையில் கை வைத்து மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் கட்பீஸ்காரர் பதிலுக்கு ஏதாவது சொல்லிப் பாதியாகக் குறைத்திருப்பார். மௌனத்துக்கு என்ன எதிர்விலை சொல்வது? எட்டு மாதம், முப்பத்தைந்து ஞாயிறு, பதினான்கு வளைவு. எல்லாம் ஒரு அடி ஸ்கேலால் போய்விடுமோ? இனி வரும் ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் இவள் வீட்டில் சும்மா உட்கார்ந்து தேநீர் குடிப்பாளே, அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? அடுத்த போட்டிக்கு இன்னும் ஒரு முழு வருஷம்.

"திட்டித் தீத்துடேன்" என்றார் கட்பீஸ்காரர் மெதுவாக.

"திட்ட நேரமில்ல. சாயங்காலம் பாத்துக்கலாம்." சிஸ்டர் திரும்பினார். "இதே மாடல் கார் பல் டாக்டர்கிட்ட இருக்கு, அவரும் போட்டிக்கு வந்திருக்கார். எதையும் ரெண்டா வாங்கி வைக்கிற மனுஷன். புதுப் பேட் ஒரு செட்டு பெட்டி பிரிக்காம கார்ல வெச்சிருப்பார். நான் ஜாக்கி போட்டு சக்கரத்தைக் கழட்டறேன். நீங்க போய் வாங்கிட்டு வாங்க."

"பல் டாக்டர்கிட்டயா?"

"ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று கிளம்பினார்.

*

விஷயம் என்னவென்றால், இரண்டு வருஷத்துக்கு முன் பல் டாக்டர் தம் கிளினிக் ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கியது கட்பீஸ்காரர் கடையில்தான். தைத்து மாட்டினால், இரண்டு திரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. டாக்டர் வந்து கேட்டபோது, "தண்ணியில நனைச்சிருப்பீங்க, சுருங்கிடுச்சு. இந்த ஊர்த் தண்ணி அப்படி" என்று கட்பீஸ்காரர் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து டாக்டர் அந்தக் கடைப்பக்கம் வந்ததில்லை. எதிரே வந்தால் வணக்கமும் இல்லை.

பல் டாக்டர் தம் வெள்ளைக் காரின் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். போன வருஷம் இந்தப் பிரிவில் முதலிடம் அவருக்குத்தான்.

கட்பீஸ்காரர் விஷயத்தைச் சொல்லி, "விலையைச் சொல்லுங்க டாக்டர்" என்றார்.

"விக்கறதுக்கில்ல."

"சரி, கடனா?"

"கடனும் இல்ல. சும்மாவே தரேன்."

கட்பீஸ்காரருக்குப் பயம் வந்துவிட்டது. சும்மா தருகிறேன் என்கிறவனிடம் எப்படிப் பேரம் பேசுவது?

டாக்டர் துணியை மடித்தார். "ரெண்டு வருஷமா மத்தியானம் ரெண்டு மணி ஆனா அந்த நாலு விரல் இடுக்கு வழியா வெயில் நேரா பேஷண்ட் கண்ணுல அடிக்குது. வாயைத் திறங்கன்னா கண்ணை மூடிக்கிட்டுத் தலையைத் திருப்பிடறாங்க. ஒருத்தர் என் விரலையே கடிச்சிட்டார். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அது சுருங்கலைன்னு நீங்க உங்க வாயால சொல்லணும். அதோ, அந்த ஒலிபெருக்கியில."

"ஒலிபெருக்கியிலயா! உங்க காதோட சொல்றேனே டாக்டர்."

"என் காதுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே."

"பாதி சுருங்குச்சு, பாதி அளவுல போச்சு. இப்படி வெச்சுக்கலாமா?"

"சுருங்கவே இல்ல."

"ஒரு விரல் சுருங்குச்சு, மூணு விரல்..."

"மணி ஒன்பதே முக்கால்" என்றார் டாக்டர்.

மலைமேலிருந்து ஒத்திகைக் கார் ஒன்றின் உறுமல் கேட்டது. கட்பீஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நாற்பது வருஷத்தில் அவர் கடன் சொன்னதுண்டு, நஷ்டத்துக்கு விற்றதாகப் பொய் சொன்னதுண்டு. அளவு குறைந்தது என்று ஒருமுறையும் சொன்னதில்லை. சொன்னவன் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று அவர் அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார்.

"நாலு விரலும் அளவுலதான் போச்சுன்னு சொல்றேன்" என்றார். "ஆனா கூட்டத்தைக் குறைங்க. ஒலிபெருக்கி வேண்டாம். மூணு பேர் முன்னால."

டாக்டர் யோசிப்பதுபோல் நின்றார். "மூணு பேரை நான்தான் சொல்வேன்."

"சொல்லுங்க."

"சிஸ்டர், மில்லி சார், டீக்காரர்."

பேரம் முடிந்த சந்தோஷத்தில் கட்பீஸ்காரர் தலையாட்டிவிட்டார். பத்தடி நடந்த பிறகுதான் உறைத்தது. மைதானத்தில் இருந்த முந்நூறு பேருக்கும் தேநீர் கொடுப்பது அந்த டீக்காரர்தான். குவளைக்கு ஒரு சேதி இலவசம். ஒலிபெருக்கியாவது சாயங்காலம் நின்றுவிடும். வாழ்க்கையில் முதல்முறையாக, பல் பார்க்கிற ஒருவர் தம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசிவிட்டாரே என்று அவருக்குக் கோபத்தைவிட மரியாதைதான் அதிகம் வந்தது.

மூவர் முன்னால் நின்று சொன்னார்: "டாக்டர் கிளினிக் திரை சுருங்கல. நான் கரையோட சேர்த்து அளந்து கொடுத்தேன். கரையைத் தையல்காரர் மடிச்சதும் குறைஞ்சுபோச்சு. தப்பு என்னுது."

டீக்காரர் குவளையைக் கழுவுவதையே நிறுத்திவிட்டார். மில்லி, "அப்ப இது பழைய வியாதி" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். சிஸ்டர்தான் முதலில் சிரித்தது. "அடப்பாவமே! ரெண்டு வருஷமா இந்த ஊர்த் தண்ணியைத் திட்டிக்கிட்டு இருந்தீங்களே! அதை நம்பி நான் வடிகட்டி வேற வாங்கி மாட்டினேன்!"

டாக்டர் தம் காரைத் திறந்து, பிரிக்காத பெட்டியை எடுத்து சிஸ்டர் கையில் கொடுத்தார்.

*

மஞ்சள் கார் ஏற்கெனவே தாங்கிகளின்மேல் நின்றது. இரண்டு முன்சக்கரங்களும் கழன்று கிடந்தன. தரையில் ஒரு வெள்ளைத்துணி, அதன்மேல் ஸ்பேனர்கள் சிறிதும் பெரிதுமாக வரிசையில். "இது கரை போக எவ்வளவு இருக்கும்?" என்று துணியைக் காட்டி டாக்டர் கேட்டார். கட்பீஸ்காரர் காதில் விழாததுபோல் உட்கார்ந்தார்.

"பதினாலாம் நம்பர்" என்று சிஸ்டர் கை நீட்டினார். கட்பீஸ்காரர் கொடுத்தார்.

"இது பன்னண்டு."

"ரெண்டுதானே வித்தியாசம்..." என்று தொடங்கியவர், மனைவி முகத்தைப் பார்த்து, பதினாலை எடுத்துக் கொடுத்தார்.

காலிபர் என்பது டிஸ்க்கைக் கவ்வும் இரும்புத் தாடை. அதன் கீழ் போல்ட்டைக் கழற்றி, தாடையை மேலே தூக்கி, ரப்பர் குழாய் இழுபடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார் சிஸ்டர். பழைய பேடுகள் வெளியே வந்தன. வெளிப்பக்கத்தது இரண்டு மில்லி. உள்பக்கத்தது ஒரு மில்லிகூட இல்லை. தகடு இரும்பில் உரசுவதற்கு இன்னும் ஒரு பிஸ்கட் கனம்கூட இல்லை. சிஸ்டர் அதை விரலால் தடவிப் பார்த்து, கணவர் உள்ளங்கையில் வைத்தார். ஒன்பதாவது வளைவில் தம் வயிற்றில் விழுந்த உதைகளெல்லாம் கட்பீஸ்காரருக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன. அந்த இடத்தில் இந்தக் காலுக்குப் பிரேக் கிடைக்காமல் போயிருந்தால்? அந்தப் பேடை அவர் அப்புறம் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"டிஸ்க் எப்படி இருக்கு?" என்று டாக்டர் தம் சொந்த டார்ச்சோடு குனிந்தார். "சொத்தை இல்ல. ஈறும் நல்லா இருக்கு. கொஞ்சம் கறை, அவ்வளவுதான்."

சிஸ்டர் துடைத்தார். பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் கனமான புதுப் பேடுக்கு இடம் கிடைக்கும். அதற்கு ஒரு திருகுப்பிடி வைத்து மெதுவாகத் திருகினார். "முன்னால பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்க. திருகத் திருக ஆயில் மேல வரும். வழிஞ்சா பெயின்ட்டை அரிச்சிடும்."

"வருது... வருது... இன்னும் ஒரு விரல் இருக்கு."

"யார் விரல்?" என்றார் டாக்டர்.

"கரை போகத்தான் சொல்றேன் டாக்டர்!"

இரண்டு பக்கமும் முடிந்தது. சக்கரத்தை மாட்டப்போன சிஸ்டர் நின்றார். வெள்ளைத்துணியில் கிடந்ததை எண்ணினார். மறுபடி எண்ணினார். "பேடைப் பிடிச்சிருந்த பழைய கிளிப் எட்டு எடுத்தேன். ஏழுதான் இருக்கு."

"பழசுதானேம்மா. புதுசுதான் போட்டாச்சே. விடு. மணி பத்து இருபத்தஞ்சு."

"எண்ணிக்கை சரியா வராம நான் மூட மாட்டேன். வயித்துக்குள்ள கத்தரியை வெச்சுத் தெச்ச கதை ஆயிடும். உள்ள விழுந்து டிஸ்க்குல மாட்டினா?"

மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். டாக்டர் வண்டிக்கு அடியில் போனார். சிஸ்டர் போட்ட பேடை மறுபடி கழற்றலாமா என்று ஸ்பேனரை எடுத்துவிட்டார். அப்போது கட்பீஸ்காரர் வியர்வையைத் துடைக்கச் சட்டைப் பையில் கைக்குட்டைக்காகக் கைவிட, சுருக்கென்று குத்தியது. வெளியே எடுத்தார். எட்டாவது கிளிப்.

"எதுக்காவது ஆகும்னு எடுத்து வெச்சேன்" என்றார், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

வண்டிக்கு அடியிலிருந்து டாக்டரின் சிரிப்பு மட்டும் கேட்டது. வெளியே வரக் கொஞ்ச நேரமாயிற்று.

சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, சிஸ்டர் உள்ளே உட்கார்ந்து பிரேக் மிதியை மிதித்தார். முதல் மிதி தரைவரை போனது. இரண்டாவது பாதி. நாலாவது மிதியில் கல்போல் நின்றது. "ஏறுங்க" என்றார்.

"நானா?"

"புதுப் பேடைப் பழக்கணும். நல்ல வேகத்துல போய், முழுசா நிக்காம, அழுத்திக் குறைக்கணும். மறுபடி போகணும். அப்பத்தான் டிஸ்க்கோட ஒட்டி வரும். பத்து தடவை. நீங்க எண்ணுங்க. மணியையும் பாருங்க."

எட்டு மாதத்தில் அவர் அந்தக் காரில் ஏறியதே இல்லை. மருமகன் கடையில் வேலை, முதுகில் வலி, ஏதோ ஒரு சாக்கு. உண்மையில் பயம். இன்று எந்தச் சாக்கும் விலைபோகாது என்று தெரிந்து, காலை மடக்கி உள்ளே புகுந்து, பெல்ட்டை மாட்டினார்.

மைதானத்துக்குப் பின்னால் ஆளில்லாத நீண்ட சாலை. மஞ்சள் கார் பாய்ந்தது. கட்பீஸ்காரரின் முதுகு சீட்டோடு ஒட்டியது. பிரேக் விழுந்ததும் நெஞ்சு பெல்ட்டில் தொங்கியது. "ஒண்ணு!" என்றார். அது எண்ணிக்கையா அலறலா என்று அவருக்கே தெரியவில்லை. ஐந்தாவதில் கருகல் வாசனை வந்தது. "அது வரணும், நல்லதுதான்" என்றார் சிஸ்டர். ஏழாவதில் அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்த முகம்தான். ஆனால் இப்படி உதட்டைக் குவித்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு... இது அவர் பார்க்காத சரக்கு. இவ்வளவு நாள் ஞாயிறு காலையில் போர்வைக்குள் கிடந்து எதைத் தவறவிட்டோம் என்று தோன்றியது.

"எட்டு. மணி பத்து நாப்பத்தஞ்சு. போதுமே? எட்டும் பத்தும் ஒண்ணுதான்."

"நாலு தையல் போட வேண்டிய இடத்துல மூணு போடச் சொல்வீங்களா?"

"ஒன்பது!" என்று கத்தினார் கட்பீஸ்காரர்.

*

பதினொன்றுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது மில்லி டார்ச் அடித்தார். அளவுகோலைச் செருகினார். கட்பீஸ்காரர் பக்கத்தில் குனிந்து, "தகட்டை விட்டுட்டு அளங்க சார், தகட்டை விட்டுட்டு" என்று இரண்டு முறை சொன்னார்.

"எனக்கேவா?" என்றார் மில்லி. "பத்து மில்லி. தாராளம்." கண்ணாடியில் பச்சை வில்லை ஒன்றை ஒட்டினார்.

பிற்பகல் சிஸ்டர் கிளம்பியபோது கட்பீஸ்காரர் ஒன்பதாவது வளைவின் வேலிக்குப் பின்னால் நின்றிருந்தார். ஏறி வரவே முக்கால் மணி நேரம் பிடித்தது. வழியில் இரண்டு பேர், "கரை போக எவ்வளவு தூரம் சார்?" என்று கேட்டுவிட்டார்கள். டீக்காரர் வேலையைக் காட்டிவிட்டார்.

முதலில் சத்தம். பிறகு மரங்களுக்கிடையே ஒரு மஞ்சள் கீற்று. வந்த வேகத்துக்கு வளைவு தாங்காது என்று பக்கத்தில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். கட்பீஸ்காரரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அதே நொடியில் கார் மூக்கைத் தாழ்த்தியது. பிடித்த பிடியில் பின்பக்கம் லேசாகத் துள்ளியது, வளைந்தது, கோட்டை விட்டு ஒரு விரல்கூட விலகாமல் மேலே ஏறி மறைந்தது. அவர் மூச்சு விட்டார். அதற்குள் அடுத்த வளைவின் சத்தம் கேட்டது.

ஒலிபெருக்கியில் நேரங்களை வாசித்தார்கள். பல் டாக்டர் முதலிடம். பிஸ்கட் கம்பெனி முதலாளி இரண்டாவது. முக்கால் நொடி பின்னால், சிஸ்டர் மூன்றாவது.

எல்லாக் கார்களும் வரிசையாக இறங்கி வந்தபின், டாக்டர் கை நீட்டிக்கொண்டு வந்தார். "சிஸ்டர், முதல் தடவைக்கு இது ரொம்பப் பெருசு. என் பேடுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"சொல்லிடறேன் டாக்டர்" என்று சிஸ்டர் தலைக்கவசத்தைக் கழற்றினார். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது, முகம் மஞ்சள் காரைவிடப் பளபளத்தது. "ஆனா அது காலையில போட்ட பேடு. இன்னும் முழுசாப் பழகல. அடுத்த வருஷம் பாருங்க."

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. கட்பீஸ்காரர் அதைப் பார்த்தார். எதிரிலிருப்பவர் மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கும் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"என்னங்க, வீட்டுக்குப் போலாமா?" என்றார் சிஸ்டர். "நீங்க பஸ்ல வரீங்களா, இல்ல..."

அவர் அதற்குள் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.